நான்கு வேளைத் தண்ணீர்

படுத்து எழுந்தால் தீருகிற களைப்பாக இருந்திருந்தால் நவமணி எப்போதோ எழுந்து நின்றிருப்பாள். அவளுடையது எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட களைப்பு. காலை ஆறு மணி, பதினோரு மணி, மாலை ஐந்து, இரவு பத்து என்று நாளைக்கு நான்கு வேளை, வயிற்றுக்குள் இருக்கும் பழைய தண்ணீரை வெளியே விட வேண்டும். புதுத் தண்ணீரை உள்ளே ஏற்ற வேண்டும். தீபாவளிக்கும் உண்டு, துக்கத்துக்கும் உண்டு. கம்பார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில்கூட, விடியற்காலை மழை பிடித்தால் பேர் கூப்பிடுகிற பெரட்டிலிருந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வேலைக்கு மழை லீவு கிடையாது.

இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் வந்து பதினெட்டு வருடம். அது முதலில் கண்ணைக் கொஞ்சம் தின்றது, பிறகு இரண்டு சிறுநீரகத்தையும் தின்றது. ஈப்போ பெரியாஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். வாரம் மூன்று நாள் மையத்துக்குப் போய் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்வது ஒன்று. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே வயிற்றில் தண்ணீர் மாற்றிக்கொள்வது இன்னொன்று. மெஷினில் தன் ரத்தம் சுற்றுவதை நினைத்தாலே நவமணிக்குத் தலை சுற்றியது. "என் வீட்டுலயே செய்றேன்" என்றாள். சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.

ஏற்றுகிற தண்ணீரில் சர்க்கரை உண்டு. அதுதான் உடம்பில் தேங்கிய நீரை இழுத்துக்கொண்டு வருமாம். தேத்தண்ணியில் ஒரு கரண்டி சீனி போட்டால் மகள் சண்டைக்கு வருகிறாள், வயிற்றில் மட்டும் லிட்டர் கணக்கில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றுகிறாள். தரையில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், எங்கிருந்துதான் வருமோ, எறும்பு வரிசை கட்டிவிடும். "எறும்புக்குத் தெரியுது எனக்கு இனிப்பு நீருன்னு" என்பாள் நவமணி. அதற்குச் சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

ஈப்போ புந்தோங்கில் அவர்களுடையது சின்ன வீடு. மாதம் ஒரு தடவை லாரி வந்து இருபது பெட்டி இறக்கிவிட்டுப் போகும். பெட்டிக்கு ஆறு பை. அறையில் ஆறு பெட்டிதான் கொள்ளும். மிச்சம் கூடத்துச் சுவரோரம் நிற்கும். கணவர் அர்ச்சுனன் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு மாறி மாறி ஜாகா வேலை, காவல் வேலை பார்க்கிறார். மூன்று தடவை கொள்ளைக்காரனை விரட்டியவர் என்று அவருக்குப் பேர். ஆனால் மனைவியின் வயிற்றிலிருந்து குழாய் வெளியே வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பெட்டி தூக்குவார், பையை வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பார், வெளியே வந்த தண்ணீரைக் கக்கூசில் ஊற்றுவார். அறைக்குள் மட்டும் வரமாட்டார்.

அறைக்குள் வருகிறவள் மகள் ஷர்மினி. இருபத்தொன்பது வயது. மூன்று தெரு தள்ளி ஒரு தாடிகாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறாள். காலை ஆறு மணித் தண்ணீரை முடித்துவிட்டு வேலைக்குப் போவாள். பதினோரு மணிக்கு, பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு ஓடி வருவாள். ஜன்னலைச் சாத்து, காற்றாடியை நிறுத்து, மேசையைத் துடை, முகமூடி போடு, கையைக் கழுவு. வேர்த்து ஊற்றும். நவமணி தன் குழாயின் முனையைப் பிடித்துக்கொள்வாள். ஷர்மினி மூடியைத் திருகி எடுத்துவிட்டுப் பையின் குழாயை அதில் பொருத்துவாள். மூடி இல்லாத அந்த ஒரு நொடியில் முனை எதிலும் படக்கூடாது. பட்டால் கிருமி நேரே வயிற்றுக்குள் போகும். அதனால் அந்த நொடியில் அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள் ஷர்மினி. கை நடுங்குகிறவளுக்குத் துணை என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

புதுப் பையைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நவமணியின் வழக்கம். பதினான்கு வயதில் அம்மாவோடு மரம் வெட்டப் போன முதல் நாள், கத்தியைக் கண்ணில் ஒற்றாமல் மரத்தில் வைத்ததற்கு முதுகில் ஒரு அறை வாங்கினாள். அன்றிலிருந்து கத்தி, பால் பிடிக்கிற மங்கு, சம்பளக் கவர், புதுச் சேலை, சோற்றுத் தட்டு, சோறு போடுகிற எதுவானாலும் கண்ணுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்குப் போகும்.

"தண்ணிப் பைக்குமா கும்பிடு?" என்பாள் ஷர்மினி.

"உசுரோட வச்சிருக்குல்ல? கும்பிட்டா கொறஞ்சா போயிருவ?"

இப்படி நாளைக்கு நான்கு தடவை. ஷர்மினி இரண்டு வருடமாகத் தோழி கல்யாணத்துக்குக்கூட வெளியூரில் தங்கியதில்லை. ஒரு கல்யாணத்துக்குப் பீடோர் வரை போனவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். இரவு பத்து மணித் தண்ணீர் இறங்கும்போது சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போவாள். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க நவமணிக்குத் தன் நோயைவிட அது பெரிய நோயாகத் தெரிந்தது. பிள்ளையைப் பெற்றது தன் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா? அவள் போக வேண்டும். அவளுக்கென்று ஒரு வீடு வேண்டும். யார் என்ன சொன்னாலும் சரி, இதில் நவமணி பிடித்த பிடி பிடிதான்.

இந்த நேரத்தில்தான் அர்ச்சுனனின் அக்கா கலாதேவி ஒரு வரன் கொண்டுவந்தாள். பையன் பேர் ரூபன், தைப்பிங் பக்கம் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன். அப்பா தனேஸ்வரன், லாரி ஓட்டியவர். அம்மா சாந்தினி. நல்ல குடும்பம், ஒரே பையன். ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"அதுக்கு முன்னாடி இந்தப் பெட்டியெல்லாம் எடுத்து மறை" என்றாள் கலாதேவி, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு. "வீடா இது, கிட்டங்கியா?"

"எங்க மறைக்கிறது அண்ணி? பக்கத்து வீட்ல வச்சா வெயில் படும், எலி கடிக்கும்."

"அப்ப துணி போட்டு மூடு. மெத்தையப் போட்டா பெஞ்சி மாதிரி ஆயிரும். யாருக்குத் தெரியப்போவுது?"

"கேட்டா?"

"இனிப்பு நீருன்னு சொல்லு. அது யாருக்குத்தான் இல்ல? எனக்கும் இருக்கு, கோயில் ஐயருக்கும் இருக்கு. கிட்னி கிட்னின்னு வாயத் தொறந்துடாத. பரம்பரை வியாதின்னு ஓடிருவாங்க. இல்லன்னா, அம்மாவ விட்டுட்டு வரமாட்டா இந்தப் பொண்ணுன்னு யோசிப்பாங்க. ரெண்டுமே சுசா லா, கஷ்டம்."

ஷர்மினி சமையலறையிலிருந்து வந்தாள். "பொய் சொல்லி என்னை அனுப்பப் போறீங்களா அத்தை?"

"பொய் எங்க சொல்றோம்? சொல்லாம இருக்கோம்."

"மா, நீங்க சொல்லுங்க."

நவமணி மகளைப் பார்க்கவில்லை. "படுக்கை விரிப்பு பெருசா ரெண்டு இருக்கா பாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பெட்டிகளின்மேல் மெத்தை, மெத்தையின்மேல் பூப்போட்ட விரிப்பு. தனேஸ்வரன் கனத்த மனிதர், நேரே போய் அதன்மேல்தான் உட்கார்ந்தார். கலாதேவியின் முகம் வெளுத்தது. பெட்டி தாங்கியது. "நல்ல உறுதியான பெஞ்சி" என்று அவர் இரண்டு தடவை தட்டிப் பாராட்டினார். அர்ச்சுனன் திரும்பிக்கொண்டு இருமினார்.

பையன் அமைதியான பையன். ஷர்மினியோடு வாசலில் நின்று தாடிகாப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான். அவள் ஏதோ சொல்ல, சத்தமாகச் சிரித்துவிட்டான். மகள் பதிலுக்குச் சிரித்தது நவமணியின் மங்கிய கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாள்!

நாலரைக்குக் கிளம்புவார்கள் என்று பார்த்தால் கேசரி வந்தது, கறி பாப் வந்தது, சாந்தினி தன் தங்கை வீட்டுக் கதையை ஆரம்பித்தாள். ஐந்து மணி ஆயிற்று. வயிறு கனத்தது. ஷர்மினி தட்டோடு நின்றபடி அம்மாவைப் பார்த்தாள். அவள் இப்போது உள்ளே போனால் அரை மணி நேரம் வரமுடியாது. பெண் எங்கே என்று கேட்பார்கள். நவமணி கையால் 'நீ இரு' என்று காட்டிவிட்டு எழுந்தாள்.

"சாமி வெளக்கு ஏத்திட்டு வந்துர்றேன்" என்றாள் சாந்தினியிடம்.

அறைக் கதவைச் சாத்தினாள். தனியாகச் செய்வது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் பழக்கிக் கொடுத்தபோது செய்திருக்கிறாள். அப்போதும் பக்கத்தில் ஆள் இருந்தது. ஜன்னல், காற்றாடி, மேசை, முகமூடி, கை. ஒன்றொன்றாக உதடு அசையச் சொல்லிக்கொண்டே செய்தாள். பையைத் தொங்கவிட்டாள். குழாய் மூடியைத் தடவித் தடவித் திருகி எடுத்தாள். பொருத்தினாள். பழைய தண்ணீர் சலசலவென்று இறங்குகிற சத்தம் கேட்டதும் கட்டிலில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். செய்துவிட்டாள்! புதுத் தண்ணீர் ஏறியது. புது மூடி போட்டாள். எல்லாம் சரி. முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தபோது அவள் நெற்றியில் வேர்வை, முகத்தில் ரப்பர் மரத்தில் முதல் பால் இறங்கப் பார்த்த சிறுபெண்ணின் பெருமை.

"வெளக்கு ஏத்த இவ்ளோ நேரமா?" என்று சாந்தினி சிரித்தாள். "எங்க வீட்ல நானும் அப்படித்தான். சாமிகிட்ட நின்னா வேண்டுதல் முடியாது."

அவர்கள் போனபிறகு ஷர்மினி அறைக்குள் ஓடினாள். "தனியாவா செஞ்சீங்க? எதுவும் படலயே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மா."

"ஒண்ணும் படல. ரெண்டு வருசமா நீ என்னைக் கண்ணில்லாதவன்னு வச்சிருந்த. இப்ப பாத்தியா? செனாங், லேசான வேலை."

அவள் பொய் சொல்லவில்லை. எதுவும் பட்டது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

திங்கள்கிழமை ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை வயிற்றில் அரிவாளை வைத்துத் திருகுவதுபோல் வலி. உடம்பு நடுங்கியது. ஆறு மணித் தண்ணீரை விட்டபோது பையில் விழுந்தது கழுநீர் மாதிரி இருந்தது. ஷர்மினி பையை எடுத்துப் பழைய பேப்பர்மேல் வைத்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த சோதனை அது. தண்ணீர் நன்றாக இருந்தால் அடியில் எழுத்துத் தெரியும். நவமணிக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, ஆனால் கறுப்பாகக் கோடு கோடாக இருக்கிறதா என்று பார்க்கப் படிப்பு எதற்கு? குனிந்து பார்த்தாள். கோடு ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

"மா" என்றாள் ஷர்மினி. அர்ச்சுனன் பக்கத்து வீட்டுக் காரைக் கேட்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள். தண்ணீர்ப் பையிலேயே கிருமி மருந்தைக் கலந்து வயிற்றில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள்தான் வலி அடங்கியது. டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவை குழாயைக் காப்பாற்றியாகிவிட்டது, அடுத்த தடவை குழாயை எடுக்க வேண்டி வரலாம். பிறகு மையம்தான், மெஷின்தான்.

தண்ணீர் மாற்றுகிற பிரிவில் ஷஹீரா என்று ஒரு நர்ஸ், எல்லாருக்கும் மிஸ்ஸி. தைப்பிங்கில் அவள் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவளும் கடைக்காரி மாதிரியே கணக்காகப் பேசுவாள். வலி குறைந்ததும் பழக்கம் செய்கிற வெற்றுக் குழாயையும் பையையும் கொண்டுவந்து நவமணியின் மடியில் வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செஞ்சி காட்டுங்கம்மா. யாரும் ஒதவக்கூடாது." ஷர்மினியைப் பார்த்து, தங்கச்சியை அழைப்பதுபோல, "கைய கட்டிக்கிட்டு நில்லு டிக்" என்றாள்.

நவமணி செய்தாள். கழுவுகிற பாவனை, துடைக்கிற பாவனை. குழாய் மூடியைத் திருகி எடுத்தாள். எடுத்த கை, முனையைப் பிடித்தபடியே மேலே போனது. வலது புருவம், இடது புருவம். ஒற்றிவிட்டு இறங்கியது. பையோடு பொருத்தினாள்.

"இவ்வளவுதான்" என்றாள் நவமணி.

ஷர்மினி வாயில் கையை வைத்திருந்தாள்.

"ஏன், என்ன?"

"இன்னொரு தடவ செய்ங்கம்மா" என்றாள் ஷஹீரா. இந்தத் தடவை கை மேலே கிளம்பியபோது வழியிலேயே பிடித்து நிறுத்தினாள். கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நவமணி தன் கையையே அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இதத்தான் நான் தெனமும் புடிச்சிருக்கேனா?" என்றாள் ஷர்மினி மெதுவாக. "நடுங்குதுன்னு நெனச்சேன் மிஸ்ஸி."

நவமணிக்குக் கண் நிறைந்தது. வலிக்குக்கூட அழாதவள் அவள். கும்பிட்ட கையே இப்படிச் செய்யுமா? இத்தனை வருடம் அவளுக்குச் சோறு போட்ட வழக்கம், கேட்காமல் கொள்ளாமல் தானாகவே எழுந்து போயிருக்கிறது. யாரைத் திட்டுவது?

"அழாதீங்க. கும்பிட வேணாம்னு நான் சொல்லல" என்றாள் ஷஹீரா. "எங்க வாப்பா கடையத் தொறக்கும்போது ஓதாம சாவியத் தொடமாட்டாரு. ஆனா கும்பிடறதெல்லாம் கை கழுவறதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க. பையக் கும்பிடுங்க, பெட்டியக் கும்பிடுங்க, என்னையக்கூடக் கும்பிடுங்க. கை கழுவினதுக்கப்புறம் சாமி வெளிய நிக்கணும்."

அன்று மாலை ஷர்மினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அத்தைகிட்ட சொல்லிர்றேன் மா. இந்தக் கல்யாணம் வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நவமணி திருப்பிக் கொடுத்திருப்பாள். மகள் களைப்பாகச் சொன்னாள். களைப்போடு சண்டை போட நவமணியிடம் அன்று தெம்பு இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள், யாரும் எதிர்பார்க்காமல், சாந்தினி ஆரஞ்சுப் பழப் பையோடு வார்டுக்குள் வந்தாள். நவமணிக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கலாதேவி சொல்லி வைத்திருந்தாளாம். கொக்கியில் தொங்குகிற பையையும், அது போய்ச் சேருகிற இடத்தையும் சாந்தினி பார்த்தாள். அப்பா அம்மா இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவள். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தன வருசமா?"

"ரெண்டு."

"அன்னிக்கி வெளக்கு ஏத்தப் போனது?"

"இதுக்குத்தான்."

சாந்தினி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரரு உக்காந்திருந்த பெஞ்சி?"

"பெட்டி. தண்ணிப் பெட்டி."

ஒரு நொடி சாந்தினிக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. "எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன்கா. நோய் யாருக்கும் வரும். ஆனா பையனுக்குப் பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட மெத்தையப் போட்டு மூடுவீங்களா? நாளைக்கு வேற என்னத்த மூடுவீங்களோன்னு தோணுமா தோணாதா?"

"தோணும்" என்றாள் நவமணி. "எம்பொண்ணு மூட வேணாம்னுதான் சொன்னா. நான்தான் மூடச் சொன்னேன். அவ எனக்காக இங்கயே கெடந்து கெழவியாயிருவான்னு பயந்துட்டேன். வேற காரணம் இல்ல."

சாந்தினி பழப் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, "வீட்ல பேசணும்" என்று மட்டும் சொல்லிப் போனாள்.

வீட்டுக்கு வந்தபிறகு கலாதேவி இரண்டு தடவை வந்து தலையில் அடித்துக்கொண்டாள். நவமணி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவள் மனதில் ஒரே ஒரு காரியம்தான். தன்னால் தனியாகச் செய்ய முடியும் என்று மகளை நம்பவைக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

தினமும் காலையில் ஷர்மினியைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னாள். முதல் வாரம் கை இரண்டு தடவை மேலே கிளம்பியது; இரண்டு தடவையும் நவமணியே பார்த்து நிறுத்தினாள், அந்தக் குழாய் முனையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னாள். எங்கும் படவில்லை என்று தெரிந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றாள். இரண்டாவது வாரம் கை கிளம்பவில்லை. ஆனால் கவனமாக இருப்பதே ஒரு தனிக் களைப்பு. முன்பெல்லாம் உடம்புதான் அசந்துபோகும். இப்போது நான்கு வேளையும் தன் கைக்குத் தானே காவல் நிற்க வேண்டியிருந்தது. காவல்காரன் பெண்டாட்டிக்கு இது பொருத்தம்தான் என்று நினைத்துக்கொள்வாள். காவல் முடிந்ததும் தலையணையில் தலை வைப்பதற்கு முன்பே தூங்கிவிடுவாள்.

இவ்வளவு ஆனபிறகும் ஷர்மினி பதினோரு மணிக்கு ஓடி வருவதை நிறுத்தவில்லை. "ஒரு மாசம் போகட்டும் மா" என்றாள். ஒரு மாதம் போயிற்று. "இன்னும் ஒரு மாசம்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை பத்தே முக்காலுக்கு நவமணி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

ஷர்மினி வந்து கதவைத் தட்டினாள். "மா! தொறங்க! வெளையாடாதீங்க!"

முகமூடிக்குள்ளிருந்து பதில் வந்தது: "தண்ணி எறங்குது. கத்தாத."

"நான் இல்லாம ஏன் ஆரம்பிச்சீங்க? அப்பா, நீங்களாவது சொல்லுங்க!"

"நான் சொன்னா கேப்பாளா?" என்றார் அர்ச்சுனன். "முப்பத்திரண்டு வருசமாச் சொல்லிப் பாத்துட்டேன்."

"போய்ப் புள்ளைங்களப் பாரு" என்றது அறை. "நீ இங்க கதவத் தட்டிக்கிட்டு இருந்தா அங்க எந்தப் புள்ள எதுல விழுந்து கெடக்கோ?"

ஷர்மினி போகவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து நவமணி கதவைத் திறந்து, வெளியே வந்த தண்ணீர்ப் பையை அவள் மடியில் வைத்தாள். ஷர்மினி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. பிறகு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். இரண்டு வருட அழுகை. நவமணி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழட்டும் என்று விட்டாள்.

மறுநாளிலிருந்து பதினோரு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் வரவில்லை. முதல் நாள் அது வராதது நவமணிக்கே என்னவோபோல் இருந்தது. வீம்பு பிடித்து வாங்கிய தனிமை, யாரிடம் போய்க் குறை சொல்வது?

வைகாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் சாந்தினியும் ரூபனும் வந்து நின்றார்கள். கூடத்தில் பெட்டிகள் பெட்டிகளாகவே அடுக்கியிருந்தன. மெத்தை இல்லை, விரிப்பு இல்லை. சாந்தினி அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அர்ச்சுனன் கோப்பி கலக்கப் போனார். மணி ஐந்து அடிக்க மூன்று நிமிடம் இருந்தது.

நவமணி எழுந்தாள். "எனக்கு நேரமாச்சி. தண்ணி மாத்தணும். அரை மணி நேரம் ஆவும், இருந்து பேசிட்டுப் போங்க."

ஷர்மினி பாதி எழுந்தாள். நவமணி பார்த்த பார்வையில் உட்கார்ந்தாள்.

அறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருப்பது பலகைச் சுவர். ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, கையைக் கழுவி, குழாயைப் பொருத்தி முடிக்கும்வரை நவமணி வேறெதையும் காதில் வாங்கவில்லை. தண்ணீர் இறங்க ஆரம்பித்த பிறகுதான் வெளியே பேச்சு கேட்டது.

சாந்தினிதான் கேட்டாள். "நான் நேராக் கேக்குறேன்மா, கோவிச்சுக்காத. நீ கமுந்திங் வந்துட்டா உங்கம்மாவுக்கு யாரு?"

நவமணி பலகைச் சுவர்ப் பக்கம் காதைத் திருப்பினாள். எழுந்து போய்ப் பதில் சொல்ல முடியாது. வயிற்றிலிருந்து குழாய் பைவரை போகிறது. கத்தவும் முடியாது, முகமூடி. போன மாதமாக இருந்தால் மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மாவுக்கு அம்மாதான்" என்றாள் ஷர்மினி. "அவங்களே செஞ்சிக்கிறாங்க. ஆனா வாராவாரம் நான் வந்து பாப்பேன். அவங்களுக்கு முடியாமப் போனா வந்து தங்குவேன், ஒரு நாளோ ஒரு மாசமோ. இப்பவே சொல்லிர்றேன். ஒத்து வந்தாப் பாருங்க, இல்லன்னா வேணாம் ஆன்ட்டி. எதையும் மூடி வச்சிட்டு வரமாட்டேன்."

"ஒன்றரை மணி நேரம்கூட ஆவாது, ஹைவேயில வந்தா" என்றது ரூபனின் குரல். "நானே கொண்டுவந்து விடுறேன். அந்தத் தண்ணி மாத்தறத எனக்கும் காட்டிக் குடுக்கச் சொல்லணும்."

"உன்னை யாருடா கேட்டா?" என்றாள் சாந்தினி. பிறகு ஷர்மினியிடம், "வாராவாரம் எல்லாம் சரிப்படாது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ."

"வாராவாரம்" என்றாள் ஷர்மினி.

நவமணி கட்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிடிவாதத்தில் மகள் தன்னையே உரித்துவைத்திருக்கிறாள். இதற்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? இந்தப் பெண்ணும் அந்த மாமியாரும் ஒரு வீட்டில் எப்படி இருப்பார்களோ! ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பு மிச்சமில்லை. பத்து மணிக்கு மறுபடியும், காலை ஆறு மணிக்கு மறுபடியும். ஷர்மினி போனபிறகும் அப்படித்தான். இரவில் சுவரில் சாய்ந்து தூங்க ஆள் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோப்பிக் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. "ஆவணியில நாள் பாக்கலாமா?" என்று சாந்தினி கேட்டாள். வாரமா, இரண்டு வாரமா என்ற பேச்சு அதற்குள் எப்படி முடிந்ததோ தெரியவில்லை.

"அவ வந்துறட்டும்" என்றார் அர்ச்சுனன். "அவளக் கேக்காம நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளுக்காக உட்கார்ந்திருந்தார்கள். பை முக்கால்தான் நிறைந்திருந்தது. இனிமேல்தான் புதுத் தண்ணீர் ஏறவேண்டும். அவசரப்படுகிற வேலையா இது? காத்திருக்கட்டும் என்று நவமணி காலை நீட்டிக்கொண்டாள்.